சொந்தக் கீரைக்கு ஏலம்

அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனாலும் பொம்மனஹள்ளித் தமிழ்ச் சபையில் யாரும் மீறியதில்லை. காணிக்கையாகக் கொண்டுவந்த பொருளை, கொண்டுவந்தவரே ஏலம் கேட்கக் கூடாது. கோழி கொடுத்தவர் பூசணிக்காயைக் கேட்கலாம், பூசணிக்காய் கொடுத்தவர் கேக்கைக் கேட்கலாம். கொடுத்ததையே திரும்பக் கேட்பது, மொய் வைத்துவிட்டு அந்தக் கவரையே மறுபடி எடுத்துக்கொண்டு போவது மாதிரி. தொண்ணூற்றெட்டாம் வருஷம், அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு, பவுலின் அந்த வழக்கத்தை மீறினாள். அதுவும் ஒரு கூடைக் கீரைக்காக.

பவுலின் கீரை விற்கிறவள். அவள் புருஷன் அலெக்சாண்டர் அதைப் பயிர் செய்கிறவன். ஏரி நிரம்பி வழிகிற பக்கத்தில் ஒரு ரெட்டியின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, எட்டு வருஷமாகத் தண்டுக்கீரை, பாலக், வெந்தயக்கீரை, கொத்தமல்லி என்று மாற்றி மாற்றி விதைத்து வந்தான். நகரத்துக் கழிவெல்லாம் திரண்டு வருகிற பெரிய கால்வாய் அந்த நிலத்தின் ஓரமாகத்தான் ஓடியது. ஜனங்கள் அதை ராஜகாலுவே என்பார்கள். மேலே பாட்டரி உடைக்கிற கொட்டகைகளும் முலாம் பூசுகிற பட்டறைகளும் வரிசையாக இருந்தன. தண்ணீர் ஒரு நாள் கறுப்பாக வரும், ஒரு நாள் நுரை கட்டிக்கொண்டு வரும், சில நாள் பச்சையாகக்கூட வரும். அலெக்சாண்டர் டீசல் பம்பு வைத்து அதைத்தான் இறைத்தான். வெயில் காலத்தில் சுற்று வட்டாரத்து போர்வெல்லெல்லாம் காற்றை இறைக்கும்போது அவன் நிலத்தில் மட்டும் தண்டுக்கீரை இடுப்பளவு நிற்கும். இந்தத் தண்ணிக்கு உரமே வேண்டாம் என்று பெருமையாகச் சொல்வான். அது உண்மைதான்.

கால்வாய்த் தண்ணீர் முதலில் வந்து விழுகிற மூலைப் பாத்தியில் பயிர் இன்னும் கொழுகொழுவென்று இருக்கும். வண்டல் அங்கேதான் தங்கும். அந்தப் பாத்தியை அலெக்சாண்டர் விற்பனைக்குத் தொடமாட்டான். அது கர்த்தருக்கு. அறுப்பின் பண்டிகைக்கு முந்தின நாள் சாயந்திரம் தானே உட்கார்ந்து அறுத்து, ஈரச்சாக்கில் சுற்றி வைத்து, காலையில் கூடையில் அடுக்கிச் சபைக்கு எடுத்துப் போவான். இருப்பதில் நல்லதை ஆண்டவனுக்குக் கொடுக்கவேண்டும் என்பதில் அவன் பிசகியதே இல்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை வீணா வந்தாள். விவசாயக் காலேஜில் படிக்கிற பெண். ஒரு மாதத்துக்கு முன்னால் வந்து நாலைந்து கட்டுக் கீரையும், ஒரு பை மண்ணும், ஒரு பாட்டில் தண்ணீரும் எடுத்துப் போயிருந்தாள். கீரையைக் காசு கொடுத்துத்தான் வாங்கினாள் என்பதால் பவுலின் அவளைக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்த கிராக்கி என்றே நினைத்திருந்தாள். இந்தத் தடவை அவள் ஒன்றும் வாங்கவில்லை. பம்புக் கொட்டகை நிழலில் பவுலினை உட்காரச் சொல்லித் தானும் உட்கார்ந்தாள்.

கீரையில் விஷச் சத்து இருக்கிறது என்றாள். பவுலினுக்கு முதலில் கோபம்தான் வந்தது. கீரையை மூன்று தண்ணீர் கழுவாமல் அவள் கூடையில் வைத்ததில்லை. அதற்கென்றே குழாயடியில் காத்து நின்று நல்ல தண்ணீர் பிடித்து வருகிறவள். அதைச் சொன்னாள்.

"நீங்க கழுவுறத நானே பார்த்தேன்க்கா. இது மேல ஒட்டுற அழுக்கு இல்ல. வேர் வழியா உள்ள ஏறிடுது. ஈயம், காட்மியம்னு ரெண்டும் இருக்கவேண்டியதைவிட ரொம்ப அதிகமா இருக்கு. கழுவினாலும் போகாது, வேகவெச்சாலும் போகாது."

சாப்பிட்டால் என்ன ஆகும் என்று பவுலின் கேட்டாள். வீணா பயமுறுத்தவில்லை. ஒரு நாளில் ஒன்றும் ஆகாது, ஒரு வாரத்திலும் ஆகாது, உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் என்றாள். பெரியவர்களுக்குத் தெரிய வருஷங்கள் ஆகும். சின்னப் பிள்ளைகளுக்கும் பிள்ளைத்தாச்சிகளுக்கும் மட்டும் கண்டிப்பாகக் கொடுக்கவேண்டாம். இந்தக் கால்வாய்த் தண்ணீர் பாய்கிற எல்லா நிலத்திலும் இதே கதைதான், அதில் இந்த மூலைப் பாத்தி எல்லாவற்றையும்விட மோசம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

பவுலினுக்கு முதலில் நினைவு வந்தது ஆஞ்சலாதான். தன் இரண்டு பையன்களும் இந்தக் கீரையில்தான் வளர்ந்தார்கள் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அந்தப் பக்கம் மனசை விட அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஆஞ்சலா அதே சபைப் பெண். அவள் புருஷன் க்ளென் பொம்மசந்திராவில் ஒரு பாக்டரியில் கான்ட்ராக்டில் வேலை பார்த்தான். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மூன்று தடவை தரித்து மூன்று தடவையும் நிற்கவில்லை. இப்போது ஐந்தாம் மாதம். ரத்தம் குறைவாக இருக்கிறது, தினமும் கீரை சாப்பிடு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒன்றிரண்டு கட்டு வாங்கிவந்த ஆஞ்சலா அன்றிலிருந்து நாள் தவறாமல் பவுலினிடம் ஒரு கட்டு வாங்கினாள். பவுலினும் பிள்ளைத்தாச்சி என்று ஒரு பிடி கொசுறு சேர்த்தே போடுவாள்.

அன்றைக்கு அலெக்சாண்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடாமல் நிதானமாகக் கேட்டான். பிறகு, இந்தக் கீரையைத் தின்று யார் செத்தார்கள் என்று கேட்டான். அது படிக்கிற பிள்ளை, பரீட்சைக்கு எழுதவேண்டும், எதையாவது எழுதும் என்றான். இது வெளியே தெரிந்தால் நம்மிடம் கீரை வாங்குகிற நாற்பது வீடும் நாளைக்கே கதவைச் சாத்தும், வேறு நிலம் யார் தருவார்கள், வேறு தண்ணீருக்கு எங்கே போவது என்றான். பவுலின், சபைக்காவது இந்த வருஷம் மார்க்கெட்டில் வாங்கி வைக்கலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அலெக்சாண்டருக்கு அப்போதுதான் நிஜமாகவே கோபம் வந்தது.

"காசு கொடுத்து வாங்கின சரக்கை என் கைப்பாடுன்னு சொல்லி ஆண்டவர் முன்னாடி வெக்கச் சொல்றியா? அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

அவன் பொய் பேசத் தெரியாத மனிதன். அதுதான் தொல்லையாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை பவுலின் ஆஞ்சலாவின் தெருப் பக்கமே போகவில்லை. சனிக்கிழமையும் போகவில்லை. சாயந்திரம் க்ளென் சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டான். கீரை தீர்ந்துவிட்டது என்று பவுலின் சொன்னாள். அவளுக்குப் பின்னால் அலெக்சாண்டர் மூலைப் பாத்திக் கீரையைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தான். க்ளென் அதைப் பார்த்துச் சிரித்தான்.

"பரவால்லக்கா. நாளைக்கு ஏலத்துல உங்க கூடையையே எடுத்துடறேன். ஆஞ்சலா இப்பவே சொல்லிட்டா. ஜெபம் பண்ணின கீரை சாப்பிட்டா இந்தப் பிள்ளையாவது தங்கும்னு அவளுக்கு ஒரு இது."

அங்கேயே சொல்லியிருக்கலாம். வாசலில் வேறு யாரும் இல்லை. ஆனால் க்ளெனிடம் சொன்னால் ஆஞ்சலாவுக்குப் போகும், ஆஞ்சலாவிடமிருந்து குழாயடிக்குப் போகும், விடிவதற்குள் நாற்பது வீட்டுக்கும் போகும். உள்ளே அலெக்சாண்டரின் கை சாக்கைச் சுற்றாமல் நின்றது பவுலினுக்குத் தெரிந்தது. சரி தம்பி என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக்குப் பக்கத்து ஷெட்டில் ஏலம் தொடங்கியது. மதலைமுத்துதான் எப்போதும் ஏலம் போடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், குரலுக்கு மைக் வேண்டாம். ஒரு முட்டைக்கோஸைத் தலைக்கு மேல் தூக்கி, பாஸ்டர் தலையைவிடப் பெரியது, உள்ளேயும் அதே அளவு சரக்கு இருக்கிறது என்றார். பாஸ்டரே சிரித்தார். கேக் போனது, தேங்காய்க் குலை போனது, ஒரு வெள்ளைச் சேவல் மூன்று கை மாறி மூன்றாவது தடவையும் ஏலத்துக்கே திரும்பி வந்தது. எடுத்ததைச் சபைக்கே திருப்பிக் கொடுப்பதும், இல்லாதவர்களுக்குக் கொடுப்பதும் அங்கே சகஜம். அப்படிக் கொடுத்தால் கைதட்டுவார்கள்.

பிறகு அலெக்சாண்டரின் கூடை வந்தது. ஷெட்டே ஒரு நிமிஷம் அதைத்தான் பார்த்தது. ஒவ்வோர் இலையும் உள்ளங்கை அகலம், தண்டு செக்கச்செவேல் என்று, நீர்த்துளியோடு. க்ளென் முதல் ஆளாக இருபது என்றான். ஒரு கிழவர் ஒப்புக்கு இருபத்தைந்து என்று கேட்டுவிட்டு விலகிக்கொண்டார். க்ளென் முப்பது என்றான். அவனோடு யாரும் போட்டி போடுவதாக இல்லை. யாருக்காகக் கேட்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும். மதலைமுத்து ஒருதரம் என்றார். ஆஞ்சலா முன்வரிசை நாற்காலியில், வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நாற்பது" என்றாள் பவுலின்.

ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டது என்று நினைத்து மதலைமுத்து கூட்டத்தைத் துழாவினார். பெண்கள் பக்கத்தில் நின்றவளைக் கண்டதும் அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்ன பவுலினம்மா, பெத்த பொண்ணை நீயே பொண்ணு பார்க்க வந்திருக்கே?"

ஷெட் குலுங்கிச் சிரித்தது. அலெக்சாண்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவன் எதிர்த்தூணில் சாய்ந்து நின்றிருந்தான், நிமிர்ந்தான். க்ளென் வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு ஐம்பது என்றான். பவுலின் எழுபது என்றாள். கீரைக்கூடை எழுபதுக்குப் போனதில்லை. க்ளென் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையசைத்ததும் எண்பது என்றான். பவுலின் மூச்சு விடாமல் நூற்றைம்பது என்றாள். அவளிடம் அன்றைக்கு அவ்வளவு இருந்ததா இல்லையா என்று அவள் யோசிக்கவேயில்லை.

இப்போது சிரிப்பு அடங்கிப் போயிற்று. பெண்கள் பக்கத்தில் முணுமுணுப்புக் கிளம்பியது. பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டதற்குப் போய்க் குறுக்கே நிற்கிறாளே என்று ஒருத்தி சொன்னாள். அவள் வயிறு நிறைந்திருப்பது இவளுக்குப் பொறுக்கவில்லை என்று இன்னொருத்தி, கேட்கட்டும் என்றே சொன்னாள். க்ளென் வாயைத் திறந்தான். பிறகு கையை இறக்கிக்கொண்டு, அக்காவே எடுக்கட்டும் விடுங்க என்று மரியாதையாகச் சொன்னான். ஆஞ்சலா தரையைப் பார்த்தாள். மதலைமுத்து மூன்றுதரம் சொல்லிக் கூடையைப் பவுலின் கையில் கொடுத்தார்.

அதோடு அவள் திரும்பி நடந்திருந்தால் போதும். ஒரு வாரம் பேசுவார்கள், பிறகு மறந்துபோவார்கள். ஆனால் மதலைமுத்து நல்ல மனிதர். ஒரு பண்டிகை நாள் இப்படிக் கசந்து போக அவர் விடமாட்டார்.

"இருங்க இருங்க. எனக்கு இப்பத்தான் புரியுது. பவுலினம்மா எதுக்கு எடுத்தாங்க? ஆஞ்சலாவுக்கு அவங்க கையாலயே சும்மா குடுக்கணும்னு எடுத்தாங்க. க்ளென் காசு செலவாகக் கூடாதுன்னு. அதானே? கொஞ்சம் கை தட்டுங்கப்பா."

கை தட்டினார்கள். முணுமுணுத்தவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஆஞ்சலா எழுந்து வந்தாள். கண் கலங்கியிருந்தது. சேலை முந்தானையை இரண்டு கையாலும் விரித்து ஏந்திக்கொண்டு பவுலின் முன்னால் நின்றாள். உங்களைப் போய் ஒரு நிமிஷம் தப்பாக நினைத்துவிட்டேன் அக்கா என்றாள்.

பவுலின் கூடையை விடவில்லை. கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. முந்தானை விரித்தபடியே இருந்தது. தூணருகில் அலெக்சாண்டர் தலையை லேசாக ஆட்டினான், வேண்டாம் என்று. எதை வேண்டாம் என்கிறான் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஆஞ்சலா, இத நீ சாப்பிடாத" என்றாள்.

"ஏன்க்கா?"

"சாப்பிடாத. இனிமே நம்ம நெலத்துக் கீரையே சாப்பிடாத. காலுவே தண்ணில ஈயம் இருக்குதாம். பாட்டரிக் கொட்டகைத் தண்ணி, பட்டறைத் தண்ணி எல்லாம் கீரைக்குள்ள ஏறுதாம். கழுவினாலும் போகாதாம். பிள்ளை இருக்கிற வயித்துக்கு ஆகாதுன்னு அந்தக் காலேஜ் பொண்ணு சோதனை பண்ணிப் பார்த்துட்டு வியாழக்கிழமை சொல்லிட்டுப் போச்சு."

அவள் உரக்கப் பேசவில்லை. ஆனால் ஷெட்டில் சேவலின் சிறகடிப்பைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஆஞ்சலாவின் கை இறங்கியது. முந்தானை நழுவி விழுந்தது.

பாஸ்டர் எழுந்து, இதை உள்ளே உட்கார்ந்து பேசலாம் என்றார். அதற்குள் அலெக்சாண்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டான். கூடையிலிருந்து ஒரு தண்டைப் பிடுங்கி எல்லோரும் பார்க்கப் பச்சையாகக் கடித்து மென்றான்.

"எட்டு வருஷமா நாங்க இதைத்தான் சாப்பிடுறோம். எனக்கு என்ன ஆச்சு? பாருங்க, எனக்கு என்ன ஆச்சு?"

"ஆறு வருஷமா நாங்களும்தான் அண்ணா சாப்பிடுறோம்" என்றான் க்ளென்.

சண்டைக்குச் சொன்னது போல இல்லை. கணக்குக் கூட்டிப் பார்த்து விடை சொல்வது போலச் சொன்னான். அலெக்சாண்டரின் வாய் அசைவதை நிறுத்தியது. வாயில் இருந்ததை விழுங்குவதா துப்புவதா என்று தெரியாமல் சிறிது நேரம் நின்றான். பிறகு விழுங்கிவிட்டு வெளியே போனான்.

அதற்குப் பிறகு பெண்கள் பவுலினைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் எதிர்பார்த்தது போல யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி, கீரையை மசித்துப் பருப்போடு ஊட்டுகிறேனே, அது பரவாயில்லையா என்று கேட்டாள். அதுவும் அதே கீரைதான் என்றாள் பவுலின். பாலக்கில் இருக்கிறதா, கொத்தமல்லியில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். அப்படியானால் எங்கேதான் வாங்குவது என்று ஒருத்தி கேட்டாள். தள்ளுவண்டிக் கீரையும் பாதி இந்தக் கால்வாய்க் கீரைதான். ஆஞ்சலாவைத் தேடினாள். க்ளென் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டிருந்தான்.

அன்று முழுக்க அலெக்சாண்டர் அவளோடு பேசவில்லை. திங்கட்கிழமை இருட்டு பிரிவதற்கு முன் நிலத்துக்குப் போய் வழக்கம்போல அறுத்துக்கொண்டு வந்தான். கட்டுக் கட்ட உட்கார் என்று ஜாடையில் சொன்னான். பவுலின் உட்காரவில்லை. நான் இனிமேல் இதைத் தூக்கமாட்டேன் என்றாள். சரி என்று அவனே உட்கார்ந்து கோணல்மாணலாகக் கட்டினான், சைக்கிள் கேரியரில் ஏற்றினான்.

"மடிவாளா மார்க்கெட்டுக்குப் போறேன். அங்க எந்த நெலத்துக் கீரைன்னு எவனும் கேக்கமாட்டான்."

"கேக்கமாட்டாங்கதான்" என்றாள் பவுலின்.

"பின்ன என்ன பண்ணச் சொல்றே? நீயே சொல்லு."

அவளுக்கும் தெரியவில்லை. அவன் கொஞ்ச நேரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றான். நிஜமாகவே பதிலுக்குத்தான் நின்றான். பிறகு மிதித்துக்கொண்டு போனான். மடிவாளாவில் யாரோ அதை வாங்குவார்கள். அந்த வீட்டிலும் ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கலாம். சபையில் சொன்னது சபைக்கு மட்டும்தான் ஆயிற்று என்று அவளுக்கு அப்போது புரிந்தது. சாயந்திரம் அவன் திரும்பி வந்ததும் மறுபடி பேசவேண்டும், நாளைக்கும் பேசவேண்டும், அவன் பம்பை நிறுத்துகிற வரைக்கும் பேசவேண்டும்.

ஆனால் அதற்கு முன்னால் போகவேண்டிய இடம் வேறு. கூடையில்லாமல் வெறுங்கையோடு ஆஞ்சலாவின் தெருவுக்கு நடந்தாள். கதவைத் திறந்தவள் உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. எங்கேயோ புறப்பட்டவள் மாதிரி சேலை மாற்றியிருந்தாள். முகம் இரவெல்லாம் தூங்காத முகம்.

"வியாழக்கிழமைக்கு முன்னாடி குடுத்ததும் அதே கீரைதானேக்கா?"

"ஆமா."

"கொசுறு போட்டதும்?"

"ஆமா, ஆஞ்சலா."

திட்டப் போகிறாள் என்று பவுலின் காத்திருந்தாள். மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று அதைவிடப் பயந்தாள். ஆஞ்சலா இரண்டையும் செய்யவில்லை. கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். க்ளெனுக்கு லீவு கிடைக்கவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், நீங்களும் வரணும் என்றாள்.

பஸ்ஸில் பவுலின் பணிவிடைக்காரி மாதிரி இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டம் தாழ்வாரம் வரை நின்றது. மத்தியானத்துக்கு மேல்தான் ஆஞ்சலாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். வாசலில் நின்ற நர்ஸ், பேஷண்ட் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று கையைக் குறுக்கே நீட்டி, கன்னடத்தில் பவுலினிடம் நீ இவளுக்கு யார், அம்மாவா, மாமியாரா என்று கேட்டாள்.

ஆஞ்சலா திரும்பி நின்று கன்னடத்திலேயே பதில் சொன்னாள். இத்தனை மாதமாக இவர்கள் கொடுத்த கீரையைத்தான் நான் சாப்பிட்டேன், அதில் என்ன தண்ணீர் பாய்ந்தது என்று இவர்களுக்குத்தான் தெரியும், டாக்டரிடம் இவர்கள்தான் சொல்லவேண்டும் என்றாள்.

நர்ஸ் பவுலினை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கையை எடுத்தாள். பவுலின் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு ஆஞ்சலாவின் பின்னால் உள்ளே போனாள்.